டவர் கிடைக்காத சுரங்கம்

இந்த வாரம் எனக்கு ஆன்-கால். எங்கள் ஷாப்பிங் ஆப்பில் கூப்பன் படுத்துக்கொண்டால் எந்நேரமும் எழுந்து சரிசெய்ய வேண்டியவன் நான்.

ஆனால் என் மனைவி வித்யா கேட்டது ஒரே ஒரு சனிக்கிழமை. எங்கள் டப்ளினுக்குப் பக்கத்து ஊரான லிவர்மோரில் கோயில் முடிந்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய சுரங்க மீட்பு நிலையத்தைப் பார்க்கப் போனோம்.

செங்கல் கட்டடம். மீட்பு வண்டி சட்டென்று வெளியேற அகலமான கதவுகள். பின்சுவரை ஒட்டி மீட்பு வீரர்களின் வீடுகள். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் ஒரு மணி. சுரங்கத்தில் விபத்து என்றால் எல்லா வீட்டிலும் ஒன்றாக அடிக்குமாம்.

"பாரு, அந்தக் காலத்துலயே ஆன்-கால்" என்றேன்.

வித்யா சிரிக்கவில்லை. "அவங்க எழுந்து ஓடினா யாராவது பொழைப்பாங்க. நீ ஓடினா கூப்பன் பொழைக்கும்."

அப்போது என் ஃபோன் அடித்தது. கூப்பன்தான்.

"லேப்டாப் கார்ல இருக்கு. பத்தே நிமிஷம்."

"உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். வா."

பின்னால் பயிற்சிச் சுரங்கம். புகையை நிரப்பி, மயங்கியவரை வெளியே இழுத்துவரப் பழகிய இடம். தடித்த சுவர், தாழ்ந்த கூரை. குனிந்து நுழைந்தோம். பாதியில் டவர் போய்விட்டது. தரையில் உட்கார்ந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது கூப்பன் தானாகவே சரியாகியிருந்தது.

எங்கே போனாய் என்று மேனேஜர் கேட்டிருந்தார். சுரங்கத்தில் இருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். சிரிக்கும் எமோஜி போட்டார்.

டப்ளின் பக்கம் டவர் கிடைக்காத வேறு கட்டடம் தெரிந்தால் சொல்லுங்கள். ஆன்-கால் மறுபடி வரும்.