பிரேக் போட்டால் எரியும் முருகன்

தாராவி டாக்ஸி ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வயர் வேலை பார்க்கும் சிவனாண்டிக்கு, டிரைவர்களைக் கண்டாலே குமட்டும். அவர்களால்தான் அவனுக்குச் சோறு. ஆனாலும் குமட்டும். அதில் நியாயம் இருந்தது. நம் ஆட்கள் ஒவ்வொருவனும் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு முருகன் படத்தை ஒட்டுவான். அதன் தலைக்கு மேல் சிவப்பு பல்பு ஒன்றை மாட்டி, பிரேக் லைட் வயரில் சேர்த்துவிடுவான். பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரிகிறதோ இல்லையோ, முன்னால் முருகன் எரிவார். மிதிக்கு மிதி தீபாராதனைதான்.

இவர்களில் மகா மோசம் நம்பிராஜன். சிவனாண்டியின் தங்கை ஆறுமுகத்தாயைக் கட்டியவன் என்பதால் அவனை வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. அறுபத்தாறாம் வருஷத்து மழையில், மாதுங்காவில் அவன் சட்டென்று நிறுத்த, பின்னால் வந்த லாரி டிக்கியை நசுக்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. உன் வண்டியில் பிரேக் லைட்டே எரியவில்லை என்று லாரிக்காரன் கத்தியிருக்கிறான். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் நம்பிராஜன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“முருகன் எரியுதாருல்லா மச்சான், பொறவு பின்னால எரியாம என்ன?”

சிவனாண்டி அவனைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, டெஸ்ட் பல்போடு குனிந்தான். முன்னால் எரிகிறது என்றால் பிரேக் சுவிட்ச் சரியாக இருக்கிறது. முருகனுக்காக ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டித்தான் கரன்ட் எங்கோ நிற்கிறது. பின்சீட்டைத் தூக்கினால் வெற்றிலை எச்சிலும் அழுகிய பழத்தோலும். சீ, இதற்குள்தான் குடும்பத்தையும் உட்காரவைக்கிறானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கையை விட்டு வயரைத் தடவிப் போனான். டிக்கிக் கீல் அருகே அது தேய்ந்து அறுந்து கிடந்தது. செம்பில் பச்சை பூத்திருந்தது. அறுந்து மாதக்கணக்காகியிருக்கும். அத்தனை காலமும் ஆறுமுகத்தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இந்த மடையன் பம்பாய் முழுக்கச் சுற்றியிருக்கிறான்.

வயரை மாற்றினான். முருகன் பல்பைப் பிடுங்கி எறியக் கை துடித்தது. தங்கை அழுவாள். அதனால் முருகனுக்குப் போகும் வயரை முன்னால் ஒட்டாமல், பின்விளக்கிலிருந்து தனியாக இழுத்துக்கொண்டு வந்தான். இனிமேல் பின்னால் கரன்ட் போகாவிட்டால் முருகனும் எரியமாட்டார்.

“முருகன் அணைஞ்சா பின்னாலயும் அணைஞ்சிட்டுன்னு அர்த்தம் மாப்பிள. நேரா எங்கிட்ட வரணும்.”

நம்பிராஜன் தலையாட்டினான். அவன் தலையாட்டிய அழகிலேயே சிவனாண்டிக்கு வெறுத்துப்போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் முருகன் அணைந்தார். நம்பிராஜன் செம்பூர்க் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். அப்படியும் எரியவில்லை. அங்கேயே தெருவில் இருந்த ஒரு வயர்க்காரனிடம் காட்டினான். எந்த முட்டாள் வயரை இப்படிச் சுற்றி இழுத்தான் என்று அவன் சிரித்துவிட்டு, பழையபடி முன்னாலேயே ஒட்டிக்கொடுத்தான். முருகன் எரிந்தார். வண்டிக்குப் பின்னால் போய் ஒருவனும் பார்க்கவில்லை.

அந்த வாரம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது சிவனாண்டி கொட்டகை வாசலில் நின்றான். நம்பிராஜனின் வண்டி எதிரே வந்தது. பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்தான். கண்ணாடிக்குள் முருகன் பளிச்சென்று சிவந்தார். பின்சீட்டில் ஆறுமுகத்தாய், மடியில் சின்னவள். வண்டி கொட்டகையைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் மறுபடி தயங்கியது. பின்னால் பொட்டு வெளிச்சம் இல்லை. ஒரு லாரி அதை ஒட்டிக்கொண்டே வந்தது.

“மாப்பிள” என்று கத்த வாயைத் திறந்தான். கத்தினால் அவன் பிரேக்கைத்தான் மிதிப்பான். வாயை மூடிக்கொண்டு, லாரியை மறிக்க ஓடினான்.