படுக்கையில் இருப்பவர்களின் கணக்கு

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பொறுங்க மேடம்’ என்று பட்டப்பெயர். புள்ளிவிவரத் துறையில் பதினேழு வருடமாக அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். புதிதாக உருமாறிய வைரஸ் எந்தெந்த நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேரைக் கொல்கிறது என்று கணக்கிடுவது இப்போது அவள் வேலை.

அன்று காலை மேலதிகாரி அவசரப்பட்டார். “எந்த நாட்லயும் நூத்துக்கு ஒருத்தர்கூட சாகலையே. லேசான வைரஸ்னு எழுதிரலாமே?”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பொறுங்க சார். பாதிப் பேர் இன்னும் படுக்கையில கிடக்காங்க. அவங்களையும் பொழச்சவங்க கணக்குல சேர்த்துட்டீங்க. சில நாட்ல பரிசோதனையே சரியா நடக்கல. மூணு வாரம் போகட்டும், அப்புறம் வாயைத் திறப்போம்.”

அறிக்கை அப்படியே நின்றது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அம்மா போனில் கூப்பிட்டாள். அக்காவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், அதே வைரஸ்தான். மூச்சு வாங்குகிறது என்று காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

“நீதானேடி ஊர் உலகத்துக்கெல்லாம் கணக்குப் போடுறவ. சொல்லு, அவ பொழச்சிருவா இல்ல?”

அவளுடைய வழக்கமான சொல் நாக்கு நுனி வரை வந்தது. மறுமுனையில் அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“பொழச்சிருவாம்மா. கவலைப்படாத.”

காலையில் எந்தத் தப்புக்காகச் சண்டை பிடித்தாளோ, அதையே செய்துவிட்டாள். விரல் மட்டும் தன்பாட்டுக்கு மேஜை நாட்காட்டியில் மூன்று வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தது.