ஏலத்துல எடுத்த மிலிட்டரி லாரியும் நான் பட்ட பாடும்

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்கு எந்த வண்டியும் ஓடி வராது. தள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க, தள்ளினவங்க எரிச்சலெல்லாம் நம்ம தலையிலதான் இறங்கும். ரிப்பேர்க் கடை வச்சு நொந்துபோன சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகள்ல, ஆவடி பக்கம் கோவில்பதாகையில கடை வச்சிருந்தப்போ, என் உயிரை வாங்கினது தணிகாசலத்தோட தண்ணி லாரி.

மனுஷன் பரம்பரை விவசாயி. உழவு மாட்டை வித்துட்டு, பட்டாளம் வேண்டாம்னு கழிச்சுவிட்ட லாரியை ஏலத்துல எடுத்து, டேங்க் ஏத்தி, தானே ஓட்டினாரு. சென்னீர்குப்பத்துல ஒரு கல்யாண மண்டபம்தான் அவருக்குச் சோறு போட்டுது. முகூர்த்தத்தன்னிக்கு ஒரு தடவை லேட்டானாலும் வேற லாரி வச்சிடுவேன்னு மண்டபத்து மேனேஜர் கறாரா சொல்லியிருந்தாரு. இந்த லாரிக்கோ ஸ்டார்ட்டர்லதான் சனி.

ஒத்தை பேட்டரி

ஒரு திங்கக்கிழமை, சாவி போட்டா வெறும் 'டிக்'. ஸ்டார்ட்டரைக் கழட்டலாம்னு குனிஞ்சவன் பேட்டரிப் பெட்டியைப் பார்த்தேன். பட்டாளத்து வண்டிக்கு ரெண்டு பேட்டரி சேர்ந்தாத்தான் தெம்பு. அங்க ஒண்ணுதான் உட்கார்ந்திருந்துது. இன்னொண்ணு எங்கய்யான்னா, ஞாயித்துக்கிழமை கரண்ட் இல்ல, படம் பார்க்கணும்னு வீட்டு டிவிக்கு மாட்டிட்டாராம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பானரைத் தூக்கிப் போட்டேன்.

அவரு அசரவே இல்ல. "இன்னா அண்ணாத்தே கத்தறே? மிலிட்டரியிலேர்ந்து ரிடையராயி வந்துகீது, இன்னும் ஃபுல் ரேஷனா போடுவாங்க?"

குவார்ட்டர்ஸ் நிபுணர்கள்

இன்னொரு நாள் ஃபேக்டரிக்காரங்க குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் வாசல்லயே லாரி நின்னுடுச்சு. டிஃபென்ஸ் ஃபேக்டரி ஷிப்ட் விட்ட நேரம். கேக்கணுமா? ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தர் ஸ்டார்ட்டரைச் சுத்தியால தட்டுன்னாரு. இன்னொருத்தர் வாங்கித் தானே தட்டினாரு. உள்ள கரண்ட் கடத்தற கார்பன் கட்டை தேஞ்சிருக்கு, தட்டினா வளராதுங்கன்னு சொல்லிப் பார்த்தேன். திருநெல்வேலிக்கார சார் ஒருத்தர், நாங்க பட்டாளத்துக்கு யுத்த டேங்கே செஞ்சு அனுப்புதோம், எங்களுக்கே பாடமான்னு முறைச்சாரு.

அவரோட ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாம என் கடையிலதான் ஒரு வாரமா கிடக்குதுன்னு, எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சேன். சார் சளைக்கல: "ஏ, டேங்க் சர்க்கார் சொத்துடே, ஸ்கூட்டர் என் சொந்தக் காசுல்லா! அதுல கைவச்சு நான் கெடுக்கவா?"

ரெண்டு கோட்டு பச்சை

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில வந்துது. மறுநாளே மண்டபத்துல முகூர்த்தம். தணிகாசலம் லாரிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சாரு. சாவி போட்டா சத்தமே இல்ல! கண்ணு பட்டுடுச்சுன்னு இன்னொரு பூசணிக்காய் உடைச்சாங்க. நான் ஸ்டார்ட்டரைக் கழட்டிக் கடையில வச்சு ஓட்டினேன், ஜம்முனு சுத்துது. வண்டியில மாட்டினா செத்த பிணம். திரும்பக் கழட்டினேன், மாட்டினேன். தணிகாசலம் மண்ணுல உட்கார்ந்து, "மண்டபம் போச்சு, மாடும் போச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. பாவமா இருந்துது.

கடைசியா சந்தேகம் வந்து, பேட்டரியிலேர்ந்து வண்டி பாடிக்குப் போற எர்த் பட்டையைக் கழட்டினேன். இரும்போட இரும்பு ஒட்ட வேண்டிய இடத்துல மொழுமொழுன்னு பச்சை பெயிண்ட். அதுக்கு மேல கரண்ட் எப்படிப் போகும்? உப்புத்தாள் போட்டுச் சுரண்டி மாட்டினேன், கர்ருனு கிளம்பிடுச்சு. இதை எவன் அடிச்சான்னு கத்தினேன்.

"நான்தான்! சாமிக்கு வெக்கிற வண்டியில துரு இருக்கலாமா? அதுக்கோசரம்தான் பட்டையைக் கழட்டி உள்ளாற ரெண்டு கோட்டு குடுத்தேன்."

கெட்டிமேளம்

விடியறதுக்குள்ள மண்டபத்துல நின்னோம். துணைக்கு நானும் போயிருந்தேன். தொட்டியில ஹோஸைப் போட்டாச்சு, தண்ணி இறங்குது, இன்ஜினை அணைங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு. அணைச்சா மறுபடி எழுந்திருக்கலைன்னா அடுத்த லோடு யார் கொண்டாருவாங்க? என் தொழில் மேல சத்தியம் பண்ணேன், கெஞ்சினேன்; சாவியைக் கையால பொத்திக்கிட்டாரு. முகூர்த்த நேரம் வந்தும் இன்ஜின் இரைச்சல் ஓயல, பந்தியில புகை. சாஸ்திரிகள் தொண்டை கிழியக் கத்தறாரு, மாப்பிள்ளை காதுல விழல. பெண்ணோட அப்பா "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"னு அலறினது மேளக்காரருக்கும் கேக்கல. மேளமே இல்லாம தாலி ஏறிடுச்சு.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தாரு. "நைனா, லேட்டா வந்தா வேற லாரின்னு சொன்னேன், தப்புதான். நீ வராமயே இருந்திருக்கலாம். நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!"

ஸ்டார்ட் ஆகாத வண்டியை எப்பாடு பட்டாவது கிளப்பிடலாம் சகோதரர்களே, கிளம்பின வண்டியை தைரியமா அணைக்கிறதுக்கு மட்டும் எந்தக் கடையிலயும் ஸ்பேர் கிடைக்கிறதில்ல.