மேடையேறிய அட்டை

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். அரை நாள்தான். மோசமில்லை என்றார்கள்.

வாராவாரம் பேப்பரில் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு என் உத்தியோகம் தெரியும். போடியில் கல்லூரி வாத்தியார், கூடவே நாடகக் குழுவுக்குப் பொறுப்பு. அன்று மாலை போடியில் கல்லூரிகளுக்கு இடையே நாடகப் போட்டி. எங்கள் நாடகம் ஏலத்தோட்டத் தொழிலாளிகளைப் பற்றியது. நான்கு மாணவிகள். முக்கிய வேஷம் ராசிங்காபுரம் வீரலட்சுமிக்கு.

அவள் அப்பா விவசாயி. நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. "வேலவெட்டி இல்லாதவுக பாக்குற சோலி. இந்தத் தடவ கப்போட வா. இல்லைன்னா இதோட தலைமுழுகிரு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சிலமலையில் ஒரு மாணவி வீட்டில் விடியும்போதே வேஷம் போட்டாயிற்று. தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை. கடைசி ஒத்திகைக்கு எங்களை அழைத்துப்போக காலேஜ் ஜீப் அனுப்பும் என்றார்கள். ஸ்டாப்பில் நின்றோம். ஜீப் வந்தது. ஏறினோம்.

உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள், தூக்குவாளியோடு. வழியில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் யாரும் யாரையும் கேட்பதில்லை, வேஷத்தைப் பார்த்து ஏற்றிக்கொள்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பேச்சு சுவாரஸ்யத்தில் போடி எப்போது கடந்துபோனதோ தெரியவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில்தான் இது காலேஜ் ஜீப் இல்லை என்று எனக்கு உறைத்தது.

"அண்ணே, நிறுத்துங்க! நாங்க நாடகத்துக்குப் போகணும்!" என்று கத்தினாள் வீரலட்சுமி.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து ஒருத்திக்கு வயித்துவலி. முந்தாநாளு ஒருத்தி வீட்டுல சாவு. இன்னைக்கு நாடகமாக்கும்?"

"சார், நீங்க சொல்லுங்க சார்!" என்றார்கள் நால்வரும்.

அதுதான் தப்பாகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பேன்ட், சட்டை, பையில் பேனா. "ஓ... புது சூப்பர்வைசரா? வாங்க சார். நீங்களே வேலைக்கு ஆள விடலேன்னா எப்புடி?"

போடிமெட்டு தாண்டி, தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. ஜீப்பும் போய்விட்டது. மத்தியானம் லோடு ஏற்றும் வண்டி வந்தால்தான் கீழே போக முடியும். சும்மா நின்றால் திட்டினார்கள். மாணவிகள் செடிக்கடியில் குனிந்து காய் எடுத்தார்கள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். பதினைந்து வருஷமாகத் தேர்வு ஹாலில் செய்கிற வேலைதானே?

மத்தியானம் ஏலக்காய் மூட்டைகள் மேல் உட்கார்ந்து இறங்கினோம். கடைசிக் குழுவாக மேடையேறினோம். முகம் கழுவக்கூட நேரமில்லை. வீரலட்சுமி வசனம் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் கணுக்காலில் இருந்து ஓர் அட்டை, ரத்தம் குடித்து முடித்த திருப்தியில், பொத்தென்று மேடையில் விழுந்தது. ரத்தம் வழிந்தது. முன்வரிசை அலறியது. கப் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

நடுவர் மைக்கைப் பிடித்தார். "நடிப்பு பரவாயில்லை. ஆனால் தொழிலாளி வேஷம் பொருந்தவில்லை. அந்த அட்டை ரொம்பவே செயற்கை."

கப் போயிற்று. வீரலட்சுமி ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினாள். அவள் அப்பாவிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நானும் கூடவே போனேன்.

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் இலைக் கீறல், முழங்கால் வரை சேறு, நிமிர முடியாத இடுப்பு.

"தோத்துட்டோம்பா..." என்றாள்.

"அது கெடக்கு. நாடகம்னா பவுடரப் பூசிக்கிட்டு நிக்கிறதுன்னுல்ல நெனச்சேன்? இம்புட்டுப் பாடா இதுல!" என் பக்கம் திரும்பினார். "சார், இது நல்ல உழைப்பாளி சோலிதான். அடுத்த வருசமும் கூட்டிட்டுப் போங்க."

வீரலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ராசிங்காபுரத்து ஏஜென்ட் அண்ணே... இந்த வாரம் அவர் வீட்டுக்கு மட்டும் பேப்பர் போட மறந்துவிடுங்கள்.