தரை தொடாத குதிகால்

சாங்வோன் நகரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் பியோங்ஹோவுக்கு வேலை; குடியிருப்பதும் அங்கேயேதான். மேல்வீட்டுச் சத்தம் தாங்காமல் கீழ்வீட்டார் தரும் புகார்களைத் தீர்த்துவைப்பது அவன் பொறுப்பு. "பிள்ளைங்கள மெதுவா நடக்கச் சொல்லுங்கம்மா" என்று தினமும் ஏதாவதொரு வாசலில் நின்று சொல்வான். யாரும் கேட்காமலே இன்னொன்றும் சேர்த்துக்கொள்வான்: "என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. நடக்கிறதே தெரியாது. எல்லாம் வளர்ப்புதான்."

அந்தக் கடைசி வரியை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது மடல் சூடாகிறது.

மகள் தான்பி நடந்தது நுனிக்காலில். குதிகால் தரையில் பட்டதே இல்லை. அவன் அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்துப் பூரித்துப்போனான். மனைவி மிரான், "ஷூ எல்லாம் முன்பக்கம் மட்டும் தேயுது, கவனிச்சீங்களா?" என்றபோது, "பின்பக்கம் புதுசா இருக்கே, லாபந்தானே" என்றான். சிரித்தது அவன் மட்டும்தான்.

கடைசியில் மழலையர் பள்ளி ஆசிரியைதான் கூப்பிட்டுச் சொன்னார். குந்தி உட்காரச் சொன்னால் தான்பி மல்லாந்து விழுகிறாளாம், ஓடினால் தடுக்குகிறதாம். "எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

டாக்டர் தாக் அதிகம் பேசாத பெண்மணி. தான்பியைப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, பாதத்தை மேலே தள்ளிப் பார்த்தார். குறைமாதத்தில் பிறந்தாளா, பேச்சு எப்போது வந்தது, நன்றாக நடந்துகொண்டிருந்து நடுவில் மாறினாளா என்று கேட்டார். முதல் அடியே இப்படித்தான் என்றாள் மிரான்.

பியோங்ஹோவால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், தப்பு என்னோடது. மெதுவா நட, மெதுவா நடன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி..."

"உங்க பேச்ச அவ்வளவு கேக்குறவளா? காய்கறி சாப்பிடுவாளா?"

"தொடவே மாட்டா."

"அப்ப கவலைய விடுங்க. நடை பழகுற பிள்ளைங்க கொஞ்ச நாள் நுனிக்கால்ல நடக்கிறது சகஜம். மூணு வயசு தாண்டியும் போகலன்னா காட்டணும். நரம்புல கோளாறு எதுவும் தெரியல. ஆனா குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் இறுகியிருக்கு. குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"எங்க பரம்பரையிலயே கிடையாது!"

மிரான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "தான்பி அப்பா, எந்திரிச்சு அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க."

நடந்தான். குதிகால் பட்டும் படாமலும் துள்ளித் துள்ளிப் போனான். பட்டாளத்தில் சார்ஜன்ட் தன்னை 'குருவி' என்று கூப்பிட்டது சுறுசுறுப்பைப் பாராட்டித்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தான். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

தான்பிக்கு இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, பாதத்தை இன்னும் சற்று மேலே நிமிர்த்திப் புதுக்கட்டு. மொத்தம் ஆறு வாரம். கட்டோடு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். அவள் நடந்தாள். டொம், டொம்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு போன் வந்தது. ஏழாம் மாடி நாம்குங் ஐயா, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "மேல யானை வளக்குறாங்களாய்யா?"

"எந்த வீடு ஐயா?"

"எட்டாவது மாடி, நாலாம் நம்பர்."

அவன் வீடு. பழக்க தோஷத்தில் கை அதற்குள் படிவத்தில் எழுதிவிட்டது: 'வீட்டாரைச் சந்தித்து அறிவுறுத்தப்படும்.'

சாயங்காலம் தன்னைத் தானே அறிவுறுத்திக்கொண்டு, ஒரு பெட்டி ஆரஞ்சுடனும் மகளுடனும் கீழே இறங்கினான். கதவைத் திறந்த நாம்குங் ஐயா இளஞ்சிவப்புக் கட்டுகளைப் பார்த்தார்.

"இதுதான் யானையா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நட பாப்பா, நல்லா நட." பிறகு அவனை உற்றுப் பார்த்தார். "ஏம்ப்பா, மெதுவா நடங்கன்னு தினமும் வீட்டு ஸ்பீக்கர்ல அறிவிக்கிறது உன் குரல்தானே?"

"நான்தான் ஐயா."

"இந்தக் குழந்தை சத்தத்தக்கூடப் பொறுத்துக்கலாம். உன் அறிவிப்புதான் தாங்கல."

ஆறு வாரத்துக்குப் பின் கட்டு பிரித்தார்கள். இரவில் பாதம் கீழே சாயாமல் பிடித்துவைக்கும் பட்டை, காலையிலும் மாலையிலும் கெண்டைக்கால் நீட்டும் பயிற்சி. ஒரு வருஷத்தில் தான்பி பாதம் முழுக்க ஊன்றி நடக்கப் பழகினாள். களைத்தாலோ, எதற்காவது குதூகலித்தாலோ இப்போதும் நுனிக்காலுக்கு ஏறிவிடுவாள். வளர வளரப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

குதிகாலால் மட்டுமே நடக்கும் பயிற்சியை அப்பாவும் கூடச் செய்தால் பிள்ளைக்கு உற்சாகமாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். தினமும் சாயங்காலம் மாடி நடைவழியில் இருவரும் கிளம்புவார்கள். தான்பி லிப்ட் வரை போய்த் திரும்பிவிடுவாள். பியோங்ஹோ நாலாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான்.

"அப்பா, வளையவே மாட்டேங்குது உனக்கு" என்பாள் அவள், டாக்டரைப் போலவே அவன் பாதத்தை மேலே தள்ளிப் பார்த்து. "கட்டுப் போட்டாத்தான் சரியாகும்."