எட்டு பூஸ்ட் மிச்சம்

1

அன்று மலேசியாவின் சிப்பாங் கார்ப் பந்தயத் தடத்தில் எங்கள் அணியில் இருந்தவர்கள்: பாஸ் சுகுமாரன், மெக்கானிக் காதர் அண்ணன், காருக்குள் ஜெரோம், ரேடியோவில் நான். இல்லாதவர் தலைமை எஞ்சினியர் லிம். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பூஸ்ட் எப்போது என்று ரேடியோவில் சொல்வது அவர் வேலை. அது என் தலையில் விழுந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பூஸ்ட் பற்றி என்னைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பந்தயத்தில் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை எஞ்சின். முந்துவதற்கென்று ஸ்டீரிங்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ஏழு வினாடிக்குக் கூடுதல் பவர். ஒரு பந்தயத்துக்குப் பத்து முறைதான். எத்தனை மிச்சம் என்பதைக் காரின் பின்பக்கக் கண்ணாடியில் பச்சை விளக்குகள் காட்டும். பின்னால் வருபவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மழை வந்து, தடம் ஈரம் என்று அதிகாரிகள் போர்டு காட்டிவிட்டால் எல்லாக் கார்களுக்கும் பூஸ்ட் நிறுத்தப்படும். விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஜெரோமுக்கு அதைப் படித்துக் காட்டியதே நான்தான்.

அது சீசனின் கடைசிப் பந்தயம். ஜெரோம் பிரிக்பீல்ட்ஸ் பையன், என் வயது. அணியில் அவனுடைய டிரைவர் சீட்டுக்குப் பணம் கட்டியவர் கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. முந்தின வாரம் எங்கள் பட்டறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மேடை ஏறு, அடுத்த வருஷமும் நான் இருக்கேன். ஏறலன்னா வேற பையனப் பாத்துக்கறேன்லா. கோவிச்சுக்காத."

மேடை என்றால் முதல் மூன்று இடம். நாங்கள் ஐந்தாவதாகக் கிளம்ப வேண்டியிருந்தது.

2

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான் ஒருவன். போலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் ப்ரீபெய்ட் டேட்டாவை மாதக் கடைசிக்கு என்று மிச்சம் பிடித்து, பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் பத்து பூஸ்ட் கொடுத்தால் என்ன செய்வான்? ஆரம்பத்தில் இரண்டு, கடைசி மூன்று லேப்பில் எட்டு என்று தாளில் எழுதினேன். தடத்தை மொத்தம் பதினைந்து லேப் சுற்ற வேண்டும். லிம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டரை மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம். முந்தைய பந்தயத்தில் ஒரு கார் தடம் முழுக்க எண்ணெய் கொட்டிவிட்டது. கழுவி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயிலில் நின்று நின்று கால் மரத்துப்போனது. நான் இந்த அணியில் சேர்ந்து நான்கு மாதம்: வாரநாளில் பட்டறை, சனி ஞாயிறு தடம்.

மூன்றரை மணிவாக்கில் காதர் அண்ணன் கன்வாஸை எடுத்தார். வெளியே அடுக்கியிருந்த டயர்களையும் டூல் பெட்டிகளையும் மாலை மழைக்கு முன் மூடி வைப்பது எல்லா அணிகளிலும் வழக்கம்.

"தம்பி, அந்த முனையப் புடி."

பிடித்தேன். கயிறு போட்டு இரண்டு முடிச்சும் போட்டேன். "நாலு மணிக்கு ஊத்தும் அண்ணே, நல்லா இழுத்துக் கட்டுங்க" என்று சொன்னதும் நான்தான். பிறகு போய் அதே பழைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். தாளில் லேப் எண்கள் மட்டுமே இருந்தன. மணி எழுதியிருக்கவில்லை.

3

மூன்று நாற்பதுக்குக் கிளம்பினார்கள். இரண்டு பூஸ்ட்டில் ஜெரோம் நான்காவது இடத்துக்கு வந்தான். பிறகு மூன்றாவது காரின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். ஒன்பதாவது லேப்பில் ரேடியோவில் வந்தான்.

"மச்சான், முன்னாடி போறவனுக்கு லைட் எல்லாம் அணைஞ்சிருச்சு. அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. அழுத்தட்டா?"

"வேணாம், வச்சுக்கோ. கடைசி மூணு லேப்ல இவனையும் தாண்டி ரெண்டாவது ஆளையும் எடுத்துரலாம்."

"எனக்கு ரெண்டாவது இடம் வேணாம்லா. மூணாவது போதும்."

"பிளான்படி போ."

பக்கத்தில் பாஸ் கைகட்டி நின்றார். "ஏன்யா, அவன் பின்னாலயே போறான்? ஊர்வலமா?"

"பிளான் இருக்கு பாஸ்."

"பிளான் உன்கிட்ட இருக்கு. காரு அவன் பின்னாலதான் இருக்கு."

பத்தாவது லேப்பிலும் கேட்டான். அப்போதும் வேண்டாம் என்றேன். பதினோராவது லேப்பில் என் தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தபோது எதிரே ஈரத்தடம் போர்டு. "இப்ப அழுத்து" என்று கத்தினேன்.

"அழுத்திட்டுத்தான் இருக்கேன். வேலை செய்யல."

பன்னிரண்டு முடிந்ததும் மழை கொட்டியது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை அத்தோடு நிறுத்தி, அந்த லேப்பின் வரிசையையே முடிவாக அறிவித்தார்கள். நாங்கள் நான்காவது.

ஜெரோம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டயர் மேல் உட்கார்ந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. "எட்டு இருக்கு மச்சான். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்றான். காதர் அண்ணன் மட்டும் சிரித்தார், பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

"வெயிட் பண்ணச் சொன்னது யாரு?" என்று பாஸ் கேட்டார்.

"நான்தான் பாஸ்."

"டயர் நனையாமப் பாத்துக்கிட்டல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

இப்போது என் தாளில் முதல் கட்டம் மணிக்குத்தான். லேப் எண் அதற்குப் பிறகு. தொடக்கம் பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன். முன்னால் இருப்பவரின் விளக்கு அணைந்தால் அந்த லேப்பிலேயே அழுத்தச் சொல்கிறேன். புதியவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

எட்டு பூஸ்ட், தலா ஏழு வினாடி. பயன்படாமல் போனது ஐம்பத்தாறு வினாடி. மூன்றாவது காருக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது புள்ளி நான்கு வினாடி. மொத்தச் செலவு, ஜெரோமின் சீட்.