மரத்தடியில் கிடந்த அறை அட்டைகள்

என் அம்மா நாகலெட்சுமி, லிந்துலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தார். முன்பு அது தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா. துரை போனபின் ஹோட்டலானது. சாவிக்குப் பதில் அட்டை வந்தது. கதவில் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும்.

போன மாதம் அம்மா இறந்துபோனார். மாரடைப்பு. ஹோட்டல் அனுப்பிய மலர்வளையத்தில் ‘எமது ஊழியருக்கு’ என்று இருந்தது. பெயர் தனிப்பட்ட விவரம் என்று விட்டிருப்பார்கள்.

விருந்தினர் அந்த அட்டைக்குப் பயந்த அளவுக்கு, எங்கள் மலையில் யாரும் சிறுத்தைக்குக்கூடப் பயந்ததில்லை. யாரோ யாருக்கோ கைபேசியில் அனுப்பிய சங்கதி: அட்டைக்குள் உங்கள் பெயர், விலாசம், வங்கி இலக்கம் எல்லாம் இருக்கிறது, விட்டுவிட்டுப் போனால் திருடிவிடுவார்கள். ஒரு அம்மையார் அட்டையை வெள்ளித்தாளில் சுற்றி, சாப்பிடப் போகும்போதும் நெஞ்சோடு வைத்திருந்தாராம். ஒருவர் கத்தரிக்கோல் வாங்கி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார். பிறகு சார்ஜரை மறந்துவிட்டது ஞாபகம் வந்து, திறக்காத கதவுக்கு முன்னால் நின்றார். இவர்கள் எல்லோருடைய பாஸ்போர்ட் பிரதிகளும் வரவேற்பு மேசையில் திறந்தபடி கிடந்தன. பறக்காமலிருக்க மேலே ஒரு தேத்தண்ணிக் கோப்பை.

நான் கொழும்பில் கணினி வலையமைப்பு வேலை பார்க்கிறேன். அம்மா போனில் கேட்டார்.

“அந்த அட்டையில அப்படி என்னதான் புள்ள இருக்கு?”

“கதவுக்கு ஒரு குறி. எந்தத் தேதி வரைக்கும்னு இன்னொரு குறி. அவ்வளவுதாம்மா.”

“படிச்சவங்க சும்மாவா பயப்படுவாங்க?”

“நானும் படிச்சவதான்.”

“நீ ஹோட்டல்ல தங்கிப் படிக்கலையே.”

அவர் விருந்தினரைத்தான் நம்பினார். அதில்தான் வினை. பழுதான அட்டைகளையும் வெட்டிய துண்டுகளையும் குப்பையில் போடச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குக் கை வரவில்லை. தோட்டத்தில் கிழிந்த சாமி படத்தைக் குப்பையில் போடுவதில்லை; மாடசாமி மரத்தடியில் கொண்டுபோய் வைப்போம். மிச்சத்தை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். ஒரு மனிதரின் பேரும் ஊரும் இருக்கிற அட்டை மட்டும் குப்பைக்குப் போகலாமா? வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும் வழியில், அம்மா அவற்றையும் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

தேயிலை பார்க்க நடந்துபோன ஒரு கொழும்புக்காரர் அதைக் கண்டார். நிறம் போன முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் முத்திரையோடு அட்டைக் குவியல். ஒரு பெரிய திருட்டுக் கூட்டத்தையே பிடித்துவிட்ட வேகத்தில் ஓடி வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, அம்மாவைத் திட்ட மட்டும் தமிழுக்கு வந்தார்.

“கள்ளி! யாருக்கு விக்கிறாய்?”

“விக்கலீங்க சேர். சாமிகிட்டதான் வச்சேன்.”

அது அவருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

அம்மா அழுது போன் பண்ணினார். நான் ஹட்டன் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். மெனேஜர் றொனால்டின் அறையில், அந்தக் கொழும்புக்காரருக்கு முன்னால், ஒரு அட்டையை என் கைபேசியில் வைத்துக் காட்டினேன். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வந்தது.

“இது அட்டையோட இலக்கம் சேர். உங்க விவரம் எதுவும் இதுல இல்ல.”

அவர் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா மெனேஜர்? மகளுக்கு வாசிக்கவும் தெரியுது!”

குடும்பத் தொழிலென்று முடிவாகிவிட்டது.

அவரை அனுப்பிவிட்டு வந்த றொனால்ட் குரலைத் தாழ்த்தினார். “கார்டுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனா அவர் இன்டர்நெட்ல எழுதிட்டா?”

அம்மாவை அறைகளிலிருந்து எடுத்து, பின்கட்டில் துணி துவைக்கப் போட்டார்கள். மறுநாளே அவர் துவைக்கப் போனார். கேட்டது ஒன்றுதான்: “நான் திருடலன்னு அந்தச் சேருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு புள்ள.” நான் வரும்போதெல்லாம் கேட்டார். றொனால்டும் நான் கேட்கும்போதெல்லாம் “சொல்லுவோம்” என்றார். சொல்லவில்லை. அம்மா கள்ளியாகவே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் றொனால்ட் போன் பண்ணினார்.

“தங்கச்சி, அம்மாவோட ஸ்டாஃப் கார்ட் வீட்ல இருக்கும். திருப்பித் தரணும். செக்யூரிட்டி.”

“அதுல என்ன சேர் இருக்கு?”

“ஒண்ணுமில்ல. வெறும் நம்பர். இப்பக் கதவுகூடத் திறக்காது.”

“அதுல அம்மா பேரு, விலாசம் எல்லாம் இருக்கே சேர். உங்ககிட்டத் தந்தா திருடிருவீங்க.”

“படிச்ச புள்ள, இப்படிப் பேசுறீங்களே.”

“அந்தச் சேரும் படிச்சவர்தானே? எங்கம்மா திருடலன்னு அவருக்கு எழுதுங்க. எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்க. அப்புறம் கார்டைப் பத்திப் பேசலாம்.”

“பாக்குறேன்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் அட்டையைக் கைபேசியில் வைத்தேன். ஒரு வரி இலக்கம். வேறெதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. அதைக் குப்பை வாளி வரை கொண்டுபோனேன். கை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாடசாமி மரத்துக்கு நடந்தேன். ஹோட்டல்காரர்கள் மற்ற அட்டைகளையெல்லாம் எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். முருகனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.